குளிர்ந்த சமையலறையில் எண்ணெயும் நீரும்: கொடைக்கானலில் எடுத்த ஆறு படங்களைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளைப் படமெடுத்து, அந்த இடத்திலேயே சிறிய அச்சுப்பொறியில் பிரதி போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர் ஒருவரையும் அவருடைய மனைவியையும் பற்றியது இந்தக் குறிப்பு. ஏப்ரல், மே மாதச் சீசனில் கோக்கர்ஸ் வாக்கிலும் தூண் பாறையிலும் அவருக்கு ஓரளவு வேலை இருக்கும். கையில் கைபேசி இல்லாத பயணி இன்று இல்லை என்பதால் அந்த வேலையும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், பள்ளத்தாக்கு இருக்கும் திசையே தெரியாத அளவுக்கு மேகம் இறங்கி நிற்கும் நாட்களில் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே தேவையிருக்காது.

அப்படியொரு பருவத்தின் முடிவில், தங்கும் விடுதி ஒன்றைப் புதிதாகத் தொடங்கவிருந்த ஒருவர், உணவுக்கூடத்துச் சுவருக்கு ஆறு படங்கள் வேண்டுமென்று இவரிடம் கேட்டார். ஏரி, தூண் பாறை, குறிஞ்சிப் பூ ஆகிய மூன்றும் ஊரிலுள்ள எல்லா விடுதிகளிலும் தொங்குவதால் அவை மட்டும் வேண்டாம் என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை. குறிஞ்சி 2018-இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்த பூப்பு 2030-இல்தான் என்பதால், அது வேண்டாமென்றது நமக்கு நல்லதாகப் போயிற்று என்று படக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். மழையில் வெளியே போக வழியில்லாததால் வீட்டுக்குள்ளேயே எடுக்கக்கூடியதாக அவர் தேர்ந்தெடுத்தது, நீரின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளை மிக அருகிலிருந்து எடுக்கும் அரூபப் படங்கள்.

நான் அதே தெருவில் வசிக்கும், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். ஆலோசனை கேட்டு வந்தவருக்கு உதவப் போய், நான்கு நாள் வேலையிலும் உடனிருந்து குறிப்பெடுத்தேன். தவறுகளில் ஒன்று முழுக்க என்னுடையது. அதையும் உரிய இடத்தில் எழுதியிருக்கிறேன்.

இருந்த கருவிகள்

பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று, 50 மி.மீ. லென்ஸ், மிக அருகில் எடுப்பதற்காகக் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும், திருச்சியிலிருந்து வரவழைத்த நீட்டிப்புக் குழாய்கள், ஸ்டுடியோ நாட்களில் வாங்கிய ஹாலோஜன் விளக்கு, பேட்டரியில் இயங்கும் ஃபிளாஷ் ஆகியவை அவரிடம் இருந்தன. கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் நிறுவனத்தின் முத்திரை புடைப்பாக இருந்து படத்தில் கறையாக விழுந்ததால், சட்டம் போட வைத்திருந்த கண்ணாடியை வெட்டிச் சிலிக்கான் பசையால் ஒட்டி, மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள தட்டு ஒன்றை அவரே செய்துகொண்டார். இரண்டு முக்காலிகளுக்கு நடுவே பாலம்போல் அந்தத் தட்டை வைத்து, கீழே வண்ணத்தாளைப் பரப்பி, மேலிருந்து நேர்க்குத்தாகக் கேமராவைப் பார்க்கவைப்பது ஏற்பாடு.

31 மி.மீ. குழாயை 50 மி.மீ. லென்ஸுடன் சேர்த்தால், சட்டத்துக்குள் அடங்கும் பரப்பின் அகலம் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் குறுகிவிடுகிறது. அவ்வளவு அருகில் எடுக்கும்போது அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப் 11 வரை சுருக்கினாலும் கூர்மையாக விழும் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆகவே கேமரா நீர்ப்பரப்புக்கு மிகச் சரியாக இணையாக இருக்க வேண்டும். தட்டின் மேல் ஒரு சிறு கண்ணாடியை, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடியை, வைத்து, அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நடுவில் விழும்வரை கேமரா நிற்கும் முக்காலித் தாங்கியைச் சரிசெய்வது எளிய வழி. இதை நான் சொல்வதற்கு முன்பே அவர் செய்து வைத்திருந்தார்.

முதல் இரண்டு நாட்களில் கண்டவை

முதல் நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கினார்கள். அடுக்களைச் சுவரில் நான் மாட்டிய வெப்பமானி 12 டிகிரியைக் காட்டியது. வீட்டில் எளிதாகக் கிடைத்த எண்ணெய் தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது மலையில் தலைக்கு எண்ணெய் வைக்கும் எல்லோருக்கும் தெரியும். புட்டியை அடுப்பருகே வைத்து உருக்கி ஊற்றியதும், குழாய்த் தண்ணீரைத் தொட்ட சில நொடிகளில் அது மெழுகுத் துணுக்குகளாக மாறி மிதந்தது. படத்தில் பார்க்க உடைந்த முட்டையோடுபோல் இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு இருவரும் அதைக் கைவிட்டார்கள்.

அடுத்து சூரியகாந்தி எண்ணெய். அது உறையவில்லை, ஆனால் குளிரில் கெட்டிப்பட்டுப் பாகுபோல் வழிந்தது. முள்கரண்டியால் கலக்கினால் சிறு துளிகளாக உடையாமல் இரண்டு மூன்று பெரிய வட்டங்களாகவே நின்றது. கலக்கும்போது உள்ளே புகுந்த காற்றுக்குமிழிகளும் வெளியேற வழியின்றி எண்ணெய்க்குள் சிக்கிக்கொண்டன. இதற்கிடையில், கீழிருந்து எரிந்த ஹாலோஜன் விளக்கின் சூட்டில் தட்டின் அடிக்கண்ணாடி முழுவதும் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டன. குளிர்ந்த நீரில் காற்று அதிகம் கரைந்திருக்கும். அந்த நீர் சூடேறும்போது கரைந்த காற்று பிரிந்து கண்ணாடியில் ஒட்டும். மேல்தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்த நீரை விளக்கின் மேல் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்பது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

சூடு இன்னொரு தொல்லையையும் தந்தது. அடியில் சூடான நீர் மேலெழுந்து, ஓரமாகக் கீழிறங்கிச் சுழன்றதால், குவியம் பார்த்து விரலை அழுத்துவதற்குள் துளிகள் நகர்ந்துவிட்டன. வீடு பழைய பலகைத் தரை வீடு. கூடத்தில் யாராவது நடந்தாலும் அடுக்களையில் நீர் நடுங்கும். அன்று எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.

இரண்டாம் நாள், வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், "மலையிலே இருந்துகிட்டு நீலகிரித் தைலத்தை விட்டுட்டீங்களே, அது எந்தக் குளிர்லயும் உறையாது" என்றார். சொன்னது உண்மை. ஆனால் தைலம் துளியாக நிற்காமல் நீர்ப்பரப்பெங்கும் ஓடிப் பரவியது. அதன் நெடியில் அரைமணி நேரத்தில் எல்லோருக்கும் தலைவலி வந்தது. கீழே சிந்திய தைலம், தாங்கலுக்கு வைத்திருந்த தெர்மகோல் கட்டையைப் பள்ளம் பள்ளமாகக் கரைத்துவிட்டது. எளிதில் தீப்பற்றும் அந்தத் தைலம் திறந்திருக்க, ஒரு முழத் தொலைவில் ஹாலோஜன் விளக்கு கொதித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு ஜன்னல்களைத் திறந்தோம். அன்றைய வேலை அத்தோடு நின்றது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

அன்று மாலை உட்கார்ந்து பேசியதில் முதலில் முடிவானது விளக்கைப் பற்றியது. ஹாலோஜனுக்குப் பதிலாக எல்.இ.டி. பலகை ஒன்றை இரவல் வாங்கலாமா என்று யோசித்தோம். விலை குறைந்த எல்.இ.டி. பலகைகள் பல நொடிக்கு நூறு முறை துடிப்பதால் வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக விழக்கூடும். போதாதென்று மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அவரிடமே இருந்த ஃபிளாஷ் இந்த இரண்டுக்கும் விடையாக இருந்தது. குறைந்த ஆற்றலில் வைத்தால் அதன் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகவே நீடிக்கும், துளி நகர்ந்தாலும் தரை அதிர்ந்தாலும் படத்தில் தெரியாது, நீரும் சூடேறாது. இருபது ஆண்டுகளாக முகங்களை நோக்கியே பிடித்த ஃபிளாஷைத் தரையை நோக்கித் திருப்ப அவருக்குத் தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

எண்ணெய்க்குச் சூரியகாந்தியே என்று உறுதியாயிற்று. நல்லெண்ணெயும் உறைவதில்லை என்றாலும் அதன் பழுப்பு நிறம் கீழே வைக்கும் எல்லா வண்ணங்களையும் மஞ்சளாக்கியது. எண்ணெய்ப் புட்டியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி, தளர்ந்த பிறகு சொட்டுக்குழாயால் விடுவது என்று வைத்துக்கொண்டோம்.

நீரைப் பற்றிய யோசனை என்னுடையது. பிழையும் அங்கேதான் நேர்ந்தது. கரைந்த காற்றை வெளியேற்ற நீரைக் கொதிக்கவைக்கச் சொன்னேன். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்றாலும், காற்று பிரிவதற்கு அது போதும். ஆறும்வரை காத்திருக்கப் பொறுமையின்றி, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே ஊற்றினால் எண்ணெயும் நன்றாக இளகும் என்று நானே சொன்னேன். மூன்றாம் நாள் காலை அப்படியே செய்தோம். எண்ணெய் அழகாக உடைந்து, பெரியதும் சிறியதுமாகத் துளிகள் கூடின. குமிழி ஒன்றுகூட இல்லை. ஆனால் 13 டிகிரியில் இருந்த லென்ஸ், 40 டிகிரி நீருக்கு ஒரு சாண் மேலே நின்றது. இரண்டு நிமிடத்தில் லென்ஸின் முகப்பு முழுவதும் ஆவி படர்ந்து, வியூஃபைண்டரில் வெளியே இருந்த அதே மூடுபனியைத்தான் பார்த்தோம். துடைக்கத் துடைக்கப் படிந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் பனிபடுநிலையை, அதாவது காற்றிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் சொன்ன யோசனை அது.

இதைத் தீர்த்தவர் படக்காரரின் மனைவி. நாங்கள் இருவரும் நீரைச் சூடாக்குவதா, லென்ஸைச் சூடாக்குவதா என்று பேசிக்கொண்டிருந்தபோது, "என்னங்க, காலையில எட்டு மணிக்கு இந்த அடுக்களையில மனுசன் நிக்க முடியுமா? சமையல் முடிஞ்ச கையோட மத்தியானம் எடுங்க. அப்ப எல்லாமே ஒரே சூட்டுல இருக்கும்" என்றார். மதியம் ஒரு மணிக்கு வெப்பமானி 20 டிகிரியைக் காட்டியது. கொதிக்கவைத்த நீரை மூடி வைத்துக் காலையிலிருந்தே ஆறவிட்டோம். கேமராவைப் பைக்குள் மூடியபடியே அடுக்களைக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் வைத்தோம். சமையல் ஆவி போகப் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து மூடினோம். நீர், எண்ணெய், லென்ஸ், அறை நான்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்துக்குள் வந்த பிறகு, முதல் நாளிலிருந்து துரத்திய தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் விலகின. இவ்வகைப் படங்கள் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் குறிப்புகள் எதிலும் வெப்பநிலை ஒரு பொருட்டாக இல்லாததற்குக் காரணம், அவற்றை எழுதியவர்களின் அறைகள் அந்த அளவு வெப்பத்தில் எப்போதும் இருப்பதுதான் என்று நினைக்கிறேன்.

சோப்பும் முதல் துளியும்

தட்டில் விடும் முதல் எண்ணெய்த் துளி வட்டமாக நிற்காமல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பரவிவிடுவதையும், அதற்குப் பிறகு விடுபவையே துளியாக நிற்பதையும் இங்கே கவனித்தோம். இலண்டனில் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கர் அளவுக்குப் பரவி அலையை அடக்கியதாக பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதியது 1774-இல் வெளியானது. அது இதே படலந்தான். ஆகவே முதல் துளி வீணானதாகக் கருதாமல் அதை முதலில் விட்டுப் பரவச்செய்வது என்று வைத்துக்கொண்டார் படக்காரர்.

துளிகளைச் சிறிதாக்கப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைப் பல்குச்சியின் நுனியால் தொட்டு வைத்தோம். நீர்ப்பரப்பின் இழுவிசை தளர்ந்து, துளிகள் ஒன்றையொன்று விட்டு விலகிச் சிதறுவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். ஒரு சொட்டு கூடினால் எல்லாம் பால்போல் வெளுத்துக் கலங்கிவிடும். இரண்டு முறை அப்படி ஆகித் தட்டு முழுவதையும் கொட்டிவிட்டுத் தொடங்க வேண்டியிருந்தது. முந்தைய நாள் கழுவியதில் எஞ்சிய சோப்பே கூட இதைச் செய்யப் போதுமானது என்பதால், வெந்நீரில் மூன்று முறை அலசிய பிறகே தட்டைப் பயன்படுத்தினார்கள். ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற பெண் தன் வீட்டிலேயே தகரத் தொட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, நீர்ப்பரப்பின் இழுவிசையை அழுக்கு எப்படி மாற்றுகிறது என்று அளந்து எழுதிய கடிதம் 1891-இல் நேச்சர் இதழில் வெளியானது. அதை இதழுக்கு அனுப்பிவைத்தவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு. அலசிக்கொண்டிருந்த அம்மையாரிடம் இதைச் சொன்னேன். கடிதம் வெளியானதற்குப் பிறகு பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்று கேட்டார்.

சேலை

நான்காம் நாள்தான் படங்கள் கிடைத்தன. ஆனால் காலைவரை கீழே வைத்திருந்த வண்ணத்தாள்களால் அல்ல. நீலமும் ஆரஞ்சுமாக வைத்த தாள்கள் மேல் துளிகள் தெளிவாக விழுந்தன. ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரே நிறம் நிரம்பி நிற்க, படம் பொத்தான் கடைபோல் இருந்தது. படக்காரர் திருப்தியடையவில்லை.

அம்மையார் பீரோவிலிருந்து ஒரு சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையை எடுத்துவந்து முக்காலிகளுக்குக் கீழே விரித்தார். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள், ஓரத்தில் பச்சைக் கரை. தட்டுக்கும் சேலைக்கும் இடையே இருபது சென்டிமீட்டர் இருந்ததால், நேராகப் பார்க்கும் இடங்களில் புள்ளிகள் கரைந்து வெறும் சிவப்புப் புகையாகத் தெரிந்தன. துளிகளுக்குள் அப்படியில்லை. எண்ணெய் ஒளியை நீரைவிட அதிகம் வளைக்கும். மிதக்கும் துளி இருபுறமும் புடைத்திருப்பதால் அது ஒரு சிறு குவிலென்ஸ். கீழேயுள்ள சேலையைச் சுருக்கித் தலைகீழாக்கித் தனக்கருகிலேயே காட்டுவதால், துளியின் விளிம்பில் குவியம் வைத்த கேமராவுக்கு உள்ளேயிருக்கும் புள்ளிகளும் கூர்மையாகவே விழுந்தன. சட்டத்தின் இடப்புறம் இருந்த பச்சைக் கரை, ஒவ்வொரு துளிக்குள்ளும் வலப்புறமாக நின்றது. முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியெடுத்த வட்டங்களுக்குள்ளே எண்ணெய் வட்டங்கள், அவற்றுக்குள்ளே மறுபடியும் அதே சேலை.

ஐ.எஸ்.ஓ. 200, எஃப் 11, ஷட்டர் நொடியில் 160-இல் ஒரு பங்கு, ஃபிளாஷ் எட்டில் ஒரு பங்கு ஆற்றலில், சேலையை மட்டும் பக்கவாட்டிலிருந்து ஒளியூட்டும்படி வைத்து அன்று மதியம் ஒன்றரை மணி நேரத்தில் எடுத்தவற்றிலிருந்து ஆறு படங்கள் தேர்வாயின.

பின்னர் நடந்தவை

வீட்டு அச்சுப்பொறி அஞ்சலட்டை அளவைத் தாண்டாது என்பதால் பெரிய பிரதிகளுக்குக் கீழ்நாட்டிலுள்ள ஒரு லேபுக்குக் கோப்புகளை அனுப்பினார். சோதனைப் பிரதி கேட்காமல் ஆறையும் ஒரே நேரத்தில் போடச் சொன்னது தவறாயிற்று. கணினித் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துப் பார்த்துப் பழகியிருந்ததால் கோப்புகள் உண்மையில் இருட்டாகவே இருந்தன. அரக்குச் சிவப்பு காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. அந்தச் செலவை அவரே ஏற்றுக்கொண்டு, வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி போடவைத்தார்.

விடுதிக்காரர் நான்கை எடுத்துக்கொண்டார். சிறு துளிகள் நெருங்கி நின்ற மற்ற இரண்டும் தவளை முட்டைபோல் இருப்பதாகவும், சாப்பிடும் இடத்தில் அது வேண்டாம் என்றும் சொன்னார். சரியான காரணந்தான், எடுத்த எங்கள் மூவருக்கும் அது தோன்றவேயில்லை.

இன்னொரு விளைவு ஒரு வாரம் கழித்தே தெரிந்தது. முதல் நாள் தேங்காய் எண்ணெய்க் கழிவை அடுக்களைத் தொட்டியிலேயே ஊற்றியிருந்தார்கள். அது குழாயின் வளைவில் போய் உறைந்து, அதன்மேல் மற்ற எண்ணெயும் படிந்து அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து வளைவைக் கழற்ற அரைநாள் ஆயிற்று. இப்போது தட்டிலுள்ள எண்ணெயைச் செய்தித்தாளில் ஒற்றியெடுத்து, மிச்சத்தைப் பழைய புட்டியில் சேர்த்துவைக்கிறார்கள்.

மறுமுறை மாற்றிச் செய்ய நினைப்பவை

கேமராவுக்கு முன்பே வெப்பமானியை எடுக்க வேண்டும் என்பதில் படக்காரருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடில்லை. முதல் இரண்டு நாட்களும், மூன்றாம் நாள் காலையும் வீணானது ஒரே காரணத்தால்தான். நாங்கள் அதை எண்ணெயின் குற்றம், நீரின் குற்றம், விளக்கின் குற்றம் என்று தனித்தனியாகப் பார்த்தோம். தைலம்போல் தீப்பற்றக்கூடிய எதையும் இந்த வேலைக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். லென்ஸின் முகப்பு நீருக்கு அவ்வளவு அருகில் இருப்பதால், கரண்டியிலிருந்து தெறிப்பதைத் தாங்க ஒரு சாதாரணக் கண்ணாடி வடிகட்டியைப் போட்டுக்கொள்வது என்றும், வேலை முடிந்ததும் கேமராவைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிவைப்பது என்றும் அவர் சொல்கிறார். மலை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்து ஏற்கெனவே ஒன்றை இழந்தவர் அவர்.

வாங்குபவரிடம் அஞ்சலட்டை அளவுப் பிரதிகளை முதலிலேயே காட்டியிருந்தால் அந்த இரண்டு படங்களுக்குப் பெரிய பிரதி போட்டிருக்க மாட்டோம். எத்தனை காட்டுவது என்பதில் மட்டும் கணவனும் மனைவியும் இன்னும் ஒத்துப்போகவில்லை: பத்துப் பன்னிரண்டு காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும் என்பது ஒருவர் கட்சி, அவ்வளவு காட்டினால் வாங்குபவர் எதையும் எடுக்க மாட்டார் என்பது மற்றவர் கட்சி.

சுங்குடிச் சேலையில் நான்காம் நாள் சிந்திய எண்ணெய், கடலை மாவு போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. அது இனி அடுக்களை முக்காலிகளுக்குக் கீழேதான் என்று சொல்லி அம்மையாரே மடித்து, கண்ணாடித் தட்டுக்குள் வைத்திருக்கிறார். கழித்த இரண்டு படங்களில் ஒன்று என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.